கருத்து எண் 212

முப்பது நாள் அவகாசம்.
இருபத்தொன்பது நாளும் தபால்பெட்டி காற்று வாங்கியது.
முப்பதாம் நாள் மாலை
மூன்று சாக்கு.

ஐடஹோவின் வடமுனையில், வன அலுவலகத்தின் பின்னறையில்
என் வேலை பிரிப்பது.
பொருளுள்ளது, பொருளற்றது:
இரண்டு தட்டு.
"இந்தக் காட்டை நேசிக்கிறேன்" பொருளற்றது.
"வெட்டித் தள்ளுங்கள், என் மகனுக்கு வேலை வேண்டும்"
அதுவும்தான்.
நேசமும் பசியும் ஒரே தட்டில் விழும்,
விதிப்புத்தகம் அப்படி.
எந்தப் பக்கம், எந்தக் கணக்கு, ஏன் தப்பு
என்று சொன்னால்தான் சொல்லுக்குப் பொருள்.
மரத்துக்குப் பொருள் வேறு,
அதை ஏலத்தில் சொல்வார்கள்.

ஒரே வாசகம் அச்சடித்த அஞ்சலட்டை ஆயிரத்து நூறு.
அத்தனைக்கும் ஒரே எண்.
ஒன்றின் ஓரத்தில் மட்டும் யாரோ பென்சிலில்:
"எழுத்து கலைந்திருந்தால் மன்னிக்கவும், இங்கே மழை."
தனி எண் கொடுக்கலாமா என்று
ஒரு காப்பி ஆறும்வரை யோசித்தேன்.
கொடுக்கவில்லை.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மக்கள் கூட்டம்.
எள் விழ இடமிருந்தது,
எள்மூட்டையே விழ இடமிருந்தது.
எண்பது நாற்காலி, பதினேழு பேர்,
கூடைப்பந்து வளையத்தின் கீழே வரைபடம்:
பச்சை வெட்டுமிடம், மஞ்சள் எரிக்குமிடம்,
நீலம் டோரன்ஸ் ஓடை.
மார்வா டெஷ் எழுந்தாள்.
ஆந்தை இல்லையென்று எழுதியிருக்கிறீர்களே,
தேடியது பகலிலா?
கூடம் சிரித்தது.
ஆந்தைக்காரர் குறிப்பேட்டைத் திறந்து
ஆறு இரவுகளைப் படித்தார், தேதியோடு, குளிரின் அளவோடு.
சிரிப்பு நின்றது.
அவள் உட்காரவில்லை.
ஏழாம் இரவு? என்றாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு
வெர்லின் ஹாக்ஸ்டட் எழுதியது.
நான்கு பக்கம், எண்ணெய்க் கறை,
"நாற்காலி தேய்க்கும் கழுதைகளே" என்று தொடக்கம்.
மலைப்பாதைக் கதவை ஏன் பூட்டினீர்கள்?
மரம் வெட்ட இத்தனை காகிதமா,
இந்தக் காகிதத்துக்கு வெட்டிய மரம் எத்தனை?
மூன்றாம் பக்கத்தில், வசவுக்கு மூச்சு வாங்கிய இடத்தில்
ஒரு வரி:
"பதினாலாம் கூறின் மேட்டில் வண்டியை இறக்காதீர்கள்,
எண்பத்தேழில் என் டிராக்டர் அச்சுவரை புதைந்தது,
மே மாதம் அங்கே சுனை,
உங்கள் புத்திசாலிகள் ஆகஸ்டில் வந்து
தூசியை அளந்துவிட்டுப் போனார்கள்."
பிறகு மறுபடி கதவு, மறுபடி கழுதை.

ஒன்பது பங்கு வசவு, ஒரு பங்கு தண்ணீர்.
எந்தத் தட்டு?
கை கொஞ்ச நேரம் நடுவில் நின்றது.

மே மாதம் டெல்ஃபின் ஓர்ட்டேகாவோடு ஏறினேன்.
நீரியல் அவள் வேலை, ஏறுவது என் வேலையில்லை.
லார்ச் மரங்கள் அப்போதுதான் ஊசி விட்டிருந்தன,
நிழலில் இன்னும் அழுக்குப் பனி.
பதினாலாம் கூறு.
வரைபடத்தில் வெறும் பச்சை.
என் இடது பூட்ஸ் முதலில் நம்பியது,
கணுக்கால்வரை.
சுற்றிலும் நாறும் மஞ்சள் பூக்கள்
குடை பிடித்தபடி நின்றன,
கூட்டத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டவர்கள்போல.
அவள் எதுவும் பேசவில்லை.
பதினொரு மரத்தில் நீல நாடா கட்டினாள்.
பன்னிரண்டாவதைக் கட்டலாமா வேண்டாமா என்று
என்னைப் பார்த்தாள்.
நான் பூட்ஸிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தேன்.

இறுதி முடிவு முந்நூற்றுப் பத்துப் பக்கம்.
பின்னிணைப்பில் ஒரு வரி:
"கருத்து 212: எல்லை அறுபது அடி நகர்த்தப்பட்டது."
சுனை என்ற சொல்லை அச்சில் எடுத்துவிட்டார்கள்,
பருவகால ஈரநிலை என்று போட்டிருந்தது.

பிரதி கிடைத்ததும் அவர் தொலைபேசினார்.
அறுபது அடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"கதவு?"
பூட்டித்தான் இருக்கிறது என்றேன்.
அந்தப் பக்கம் நீண்ட மூச்சு,
நாய் குரைப்பு, பிறகு எதுவுமில்லை.

சாவி என் மேசையின்
இரண்டாவது இழுப்பறையில்தான்.